தூறலுக்கு ஆடும் கேபிள்

முட்டுக்காடு படகுத்துறை அருகே கரையில் கட்டிப்போட்டிருந்த ஒரு படகின் கயிற்றை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐப்பசி கடைசி. வாடைக் காற்று உப்பங்கழியின் மேல் சின்னச் சின்ன அலைகளைக் கிளப்பிக்கொண்டிருந்தது. கயிறு தொய்ந்து, நடுவில் தண்ணீரைத் தொட்டபடி கிடந்தது. படகு ஒரு சாண் விலகியது. கயிறு தொய்வை விட்டுக்கொடுத்ததே தவிர எதிர்க்கவில்லை. இன்னொரு சாண் விலகியதும் விசுக்கென்று தண்ணீரை விட்டு எழுந்து, நீரை உதறி, விறைத்து நின்றது. படகு வெட்டி இழுபட்டது. இரண்டு முறையும் விலகியது ஒரே சாண்தான். கயிறு காட்டிய பலம் மட்டும் ஒன்றாக இல்லை.

இழுப்பு இரு மடங்கானால் அசைவும் இரு மடங்காகும் என்ற ஒழுங்கைத்தான் பொறியியலில் நேரியல் என்கிறோம். அந்தக் கயிறு அதற்கு அடங்கவில்லை. பாலங்களைத் தாங்கும் எஃகுக் கேபிள்களும் முழுக்க அடங்குவதில்லை. முட்டுக்காட்டில் கழியைத் தாண்டும் ஈசிஆர் பாலம் கான்கிரீட் பாலம்; அதில் கேபிள் கிடையாது. ஆனால் கொல்கத்தாவில் 1992-ல் திறந்த வித்யாசாகர் சேது, மும்பையில் 2009-ல் திறந்த பாந்த்ரா - வொர்லி கடற்பாலம், குஜராத் கடலோரத்தில் 2024 பிப்ரவரியில் திறந்த சுதர்சன் சேது, ஜம்முவில் 2025 ஜூனில் ரயில் ஓடத் தொடங்கிய அஞ்சி பாலம் என்று நாட்டில் கேபிள் பாலங்கள் கூடிக்கொண்டே வருகின்றன. இந்தக் கேபிள்களை வடிவமைப்பு மேசையில் நாம் எப்படிக் கணக்கிடுகிறோம் என்பதைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு. அந்த முறையின் நல்லதையும் கெட்டதையும் ஒரு முறை எடைபோட்டுப் பார்த்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கணினியில் பாலத்தை வரையும்போது கோபுரமும் தளமும் நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பிரிக்கப்படும். கேபிளுக்கு மட்டும் ஒரே துண்டு: மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை, நடுவில் ஒரு நேர்கோடு. கேபிள் தன் எடையால் தொய்கிறதே என்று கேட்டால், ஜெர்மானியப் பொறியாளர் எர்ன்ஸ்ட் 1965-ல் தந்த ஒரு சூத்திரம் கைகொடுக்கும். தொய்வுள்ள கேபிளை, கொஞ்சம் இளகிய எஃகாலான நேர்க்கம்பியாக அது மாற்றிக் காட்டும். படகுக் கயிற்றின் அந்த முதல் சாணை ஒரு எண்ணுக்குள் அடக்கிவிடும் சூத்திரம் அது.

இந்த வழக்கத்தை எடுத்தெறிந்து பேச முடியாது. அறுபது ஆண்டுகளாக இதை நம்பிக் கட்டிய பாலங்கள் நிற்கின்றன. தளம் எவ்வளவு தாழும், கோபுரம் எவ்வளவு சாயும், எந்தக் கேபிளில் எத்தனை டன் இழுவிசை வரும் என்ற கேள்விகளுக்கு இது தரும் விடை சரியாகவே இருக்கிறது. கட்டும் காலத்தில் ஒவ்வொரு கேபிளையும் எத்தனை முறை இழுத்துச் சரிசெய்ய வேண்டும் என்று நூறு தடவை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு இந்த எளிமை அவசியம். குறை வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு முனை மட்டுமே உள்ள நேர்கோடு நடுவில் ஆட முடியாது. ஆகவே அந்தக் கணக்கில் கேபிளின் ஆட்டம் என்ற ஒன்றே இல்லை. கேபிள் ஆடுமா என்று கேட்டு ஆடாது என்று பதில் வந்தால் அது வேறு. இங்கே கேள்வியே எழவில்லை. அப்தெல் கஃபாரும் கலீஃபாவும் 1991-ல் ஒவ்வொரு கேபிளையும் பல துண்டுகளாக்கிக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதுவரை கண்ணில் படாத எத்தனையோ அதிர்வு முறைகள் வெளியே வந்தன. தளமும் கேபிளும் சேர்ந்து ஆடும் முறைகளும் அவற்றில் இருந்தன.

சேர்ந்து ஆடுவது என்றால் என்ன என்று இயற்பியல் படித்த யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. கல்லூரி ஆய்வகத்தில் மெல்டே சோதனையை நாம் எல்லோரும் செய்திருக்கிறோம். மின்சாரத்தால் அதிரும் ஒரு இசைக்கவை, அதன் நுனியில் ஒரு நூல், மறுமுனையில் கப்பியின் மேல் தொங்கும் சிறு தட்டு, தட்டில் எடைகள். கவையை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்தால் கவை எத்தனை முறை அதிர்கிறதோ அத்தனை முறை நூலும் அதிரும். கவையை நூலின் போக்கிலேயே இழுக்கும்படி திருப்பி வைத்தால் நூல் அதில் பாதி அதிர்வெண்ணில் ஆடும். கணக்கு நோட்டில் இந்த இரண்டாவது நிலைக்கு இரண்டால் பெருக்க மறந்து மதிப்பெண்ணை இழந்தவர்களில் நானும் ஒருவன். எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது வேறு: இந்த இரண்டாவது நிலையில் நூலைப் பக்கவாட்டில் யாருமே தள்ளுவதில்லை. நூலின் நீளவாக்கில் இழுவிசை ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். அதிலிருந்தே நூல் வயிறு புடைத்து ஆட ஆரம்பிக்கிறது. ஊஞ்சலில் நின்றுகொண்டு, யாரும் தள்ளாமலேயே, முழங்காலை மடக்கி நிமிர்த்தி உயரத்துக்குப் போகும் பிள்ளைகள் செய்வதும் இதுவே.

இந்தச் சோதனையின் ஆழத்தை அளந்தவர் நம் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன். கொல்கத்தாவில் அரசின் கணக்குத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே பௌபஜார் தெருவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் அவர் செய்த ஆய்வுகளில், அதிர்வுகள் எப்படி நீடிக்கின்றன என்பது பற்றிய 1912-ஆம் ஆண்டு ஆய்வறிக்கை ஒன்று. ரேலே 1887-ல் இரட்டை அதிர்வெண்ணுக்கு விளக்கம் தந்திருந்தார். இழுப்பின் அதிர்வெண் கம்பியின் அதிர்வெண்ணுக்கு இரு மடங்காக இருந்தால் மட்டுமல்ல, சமமாக இருந்தாலும், இன்னும் சில எளிய விகிதங்களில் இருந்தாலும் கம்பி ஆடும் என்று ராமன் சோதித்துக் காட்டினார். எண்பது ஆண்டு கழித்து அதே ஊரில் ஹூக்ளி ஆற்றின் மேல் 457 மீட்டர் நடுத்தாவலோடு ஒரு கேபிள் பாலம் எழுந்தது. நூலின் இடத்தில் கேபிள், இசைக்கவையின் இடத்தில் தளம்.

ஒரு பென்சில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 மீட்டர் நீளக் கேபிள்; மீட்டருக்கு 80 கிலோ எடை; இழுவிசை 5,000 கிலோநியூட்டன், சுமார் 510 டன். இறுகிய கம்பியின் சூத்திரப்படி இதன் அடிப்படை அதிர்வெண் 0.625 ஹெர்ட்ஸ், அதாவது எட்டு விநாடிக்கு ஐந்து ஆட்டம். தொய்வு முக்கால் மீட்டருக்குச் சற்று மேல். தளம் 1.25 ஹெர்ட்ஸில், இதற்குச் சரியாக இரு மடங்கில், மெல்ல ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேபிளுக்கு இயல்பாக உள்ள, ஆட்டத்தை அடக்கும் தணிப்பு மிகக் குறைவு, 0.1 சதவீதம் என்று கொள்ளலாம். இந்த நிலையில் கேபிளின் கீழ்முனை அதன் நீளவாக்கில் 2 மில்லிமீட்டர் முன்னும் பின்னும் போனாலே போதும், கேபிள் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும் எல்லை வந்துவிடுகிறது. 5 மில்லிமீட்டர் போனால் நடுக்கேபிள் ஏறத்தாழ அரை மீட்டர் வரை ஆடும். நீளவாக்கில் இழுபடும் நேர்க்கம்பி பக்கவாட்டில் அசையாது என்பது நேரியல் கணக்கின் விடை. அந்த அரை மீட்டரோடு ஆட்டம் நிற்பதற்கும் நேரியல் அல்லாத குணம்தான் காரணம்: ஆட்டம் பெரிதாகும்போது கேபிள் நீள்கிறது, நீண்டால் இறுகுகிறது, இறுகினால் அதன் அதிர்வெண் ஏறித் தளத்தின் தாளத்திலிருந்து விலகிப்போகிறது. படகுக் கயிற்றின் இரண்டாம் சாண் இது.

இதே கணக்கை இன்னொரு வரி நீட்டினால் நடைமுறையில் இருப்பவர்கள் பக்கத்து நியாயமும் தெரியும். அந்த 5 மில்லிமீட்டர் அசைவில் கேபிளின் ஆட்டம் இரட்டிப்பாக ஏறக்குறைய இரண்டு நிமிடம் பிடிக்கும். ஒரு சென்டிமீட்டரிலிருந்து அரை மீட்டரை எட்டப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அத்தனை நேரம் தளம் ஒரே தாளத்தில் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு லாரி கடந்து போவதால் இது நடக்காது. லாரி உண்டாக்கும் அதிர்வு சில விநாடிகளில் அடங்கிவிடும். அடுத்த லாரி வேறு தாளத்தில் வரும். அறுபது ஆண்டுப் பாலங்கள் பெரும்பாலும் தப்பித்து வந்ததற்குக் காரணம் இந்த நிதானம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் வீசும் கடற்காற்றுக்கு லாரியின் அவசரம் இல்லை.

காற்றைப் பற்றி நாம் யோசிக்கும் விதத்திலும் ஒரு கோணல் இருக்கிறது. சென்னைக் கடற்கரைக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநெறி தரும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். வடிவமைப்பாளரின் மனம் அந்த எண்ணிலேயே நிற்கும். 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரத்தில் கரையேறிய மாண்டஸ் புயலைப் பார்த்தவர்களுக்கு அது நியாயமான அச்சம். கேபிளோ புயலுக்குக் காத்திருப்பதில்லை. 1980-களில் ஜப்பானின் நகோயாவில் மெய்கோ நிஷி பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது, காற்று மட்டும் வீசினால் சும்மா இருந்த கேபிள்கள், மழையும் சேர்ந்தால் ஆடுவதைக் கவனித்தார்கள். ஹிகாமியும் ஷிராய்ஷியும் 1988-ல் அதை விளக்கி எழுதினார்கள். சாய்ந்த கேபிளின் வழவழப்பான பாலித்தீன் உறையில் மழைநீர் ஒரு மெல்லிய ஓடையாக வழிகிறது. காற்று அந்த ஓடையை உறையின் மேல்முதுகில் ஓரிடத்தில் நிறுத்தி வைக்கிறது. வட்டமான கேபிள் காற்றின் கண்ணுக்கு இப்போது வட்டமாக இல்லை. விரல் தடிமன்கூட இல்லாத நீர்க்கோடு அதன் வடிவத்தை மாற்றிவிட்டது. கேபிள் அசைந்தால் ஓடையும் அசைகிறது. ஓடை அசைந்தால் காற்றின் விசை மாறுகிறது. அந்த விசை கேபிளை மேலும் அசைக்கிறது. இதற்கு வேண்டியது மணிக்கு முப்பதிலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வரையிலான காற்றும் மிதமான மழையும். அடைமழை பெய்து, காற்று இன்னும் வேகமெடுத்தால் ஓடை கலைந்து ஆட்டம் அடங்குவதும் உண்டு.

நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் எராஸ்மஸ் பாலத்தை 1996 செப்டம்பரில் திறந்தார்கள். நவம்பர் முதல் வாரத்தில், காற்றும் மழையுமான ஒரு நாளில் கேபிள்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் போக்குவரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. தற்காலிகமாகக் கயிறு கட்டிப் பிடித்து, பிறகு ஆட்டத்தை அடக்கும் டேம்பர்களை மாட்டினார்கள். அமெரிக்காவில் டெக்சாஸின் ஃபிரெட் ஹார்ட்மன் பாலத்திலும் 1995-ல் திறந்த பிறகே இந்த ஆட்டம் தெரிந்தது. கட்டி முடித்து, மக்கள் நடமாட்டம் வந்த பிறகு கேபிள் ஆடுவதைக் கண்ணால் பார்த்து மருந்து தேடுவது, இரு கண்டங்களிலும் ஒரே கதை. முட்டுக்காட்டில் நான் நின்ற அந்தப் பிற்பகலும் தூறல்தான். வாடை சீராக வீசிக்கொண்டிருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கடற்கரையில் அப்படி எத்தனை பிற்பகல்கள் வரும் என்பது இங்கே வசிப்பவர்களுக்குத் தெரியும். புயல் ஆண்டுக்கு ஒரு முறை வந்தால் உண்டு.

மருந்துகள் மூன்று வகை. உறையின் மேல் திருகுபோல் சுற்றி வரும் மெல்லிய வரம்பு, நீரோடையைக் கோடாக ஓட விடாமல் கலைக்கிறது. மலிவானது, பழுதாக அதில் எதுவும் இல்லை, மழைக்கு நன்றாகக் கேட்கிறது. தளத்தின் இழுப்பால் வரும் ஆட்டத்துக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. கேபிள்களை ஒன்றோடொன்று குறுக்குக் கயிறால் பிணைப்பது இரண்டாவது. நீளக் கேபிளைச் சிறு துண்டுகளாக்கி அதிர்வெண்ணை உயர்த்தும். ஆட்டத்தின் ஆற்றலை அது விழுங்குவதில்லை, பக்கத்துக் கேபிளுக்குக் கைமாற்றுகிறது; குறுக்குக் கயிறே அறுந்துபோன பாலங்களும் உண்டு.

மூன்றாவது டேம்பர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நம்பிக்கை முழுவதும் இதன் மேல்தான். தம்புராவில் குதிரையின் மேல் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா நூலை நினைத்துக்கொள்ளுங்கள். நெல் அளவு முன்னே பின்னே தள்ளினால் நாதம் மாறும். சரியான இடம் ஒன்றுதான். வீணை, தம்புராவின் குதிரை அகலமாகவும் லேசாக வளைந்தும் இருப்பதால் அவற்றின் தந்தி சாதாரணத் தந்தியின் விதிக்குள் அடங்குவதில்லை என்று ராமன் 1921-ல் எழுதியதும் இந்த நுனி விஷயத்தைத்தான். டேம்பரும் கேபிளின் நுனியருகே, தளத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்து மொத்தக் கேபிளையும் ஆள வேண்டும். ஜீவா நூல் நாதத்தை எழுப்புகிறது, டேம்பர் அடக்குகிறது. நம் 200 மீட்டர் கேபிளில் 4 மீட்டர் தள்ளி வைத்தால், நீளத்தில் 2 சதவீதம். பச்சேகோ, ஃபுஜினோ, சுலேக் மூவரும் 1993-ல் தந்த வரைகோட்டின்படி அதிலிருந்து கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தணிப்பு அதில் பாதி, 1 சதவீதம். அதுவும் டேம்பரின் பிடிப்பு சரியாக அமைந்தால். இளகலாக இருந்தால் கேபிள் அதை மதிக்காது. மிக விறைப்பாக இருந்தால் டேம்பரே புது நங்கூரமாகி, கேபிள் 196 மீட்டர் நீளத்தில் முன்போலவே ஆடும். முதல் அதிர்வு முறைக்குச் சரியாக அமைத்தது மூன்றாவதுக்குச் சரியாக இருக்காது. மழைக்காற்று எந்த முறையைத் தூண்டும் என்பதோ அன்றைய காற்று வேகத்தைப் பொறுத்தது. உராய்வால் இயங்கும் டேம்பர்கள் சிறு ஆட்டத்துக்கு அசையவே மாட்டா. எண்ணெய் டேம்பரின் முத்திரை வளையம் உப்புக் காற்றில் எத்தனை நாள் தாங்கும் என்பது பராமரிப்பவர் கையில்.

இத்தனையும் சொன்ன பிறகும் டேம்பர் பக்கமே நான் சாய்கிறேன். அந்த 1 சதவீதம் கிடைத்தால் 2 மில்லிமீட்டரில் இருந்த எல்லை 20 மில்லிமீட்டருக்குப் போய்விடுகிறது. தளம் அவ்வளவு அசைவது அபூர்வம். மழைக்கும் அது கேட்கும். அமெரிக்கப் போஸ்ட் டென்ஷனிங் இன்ஸ்டிட்யூட்டின் வழிகாட்டு நூல் ஸ்குரூட்டன் எண் என்ற அளவு 10-ஐத் தாண்ட வேண்டும் என்கிறது. திருகு வரம்பு இருந்தால் 5 போதும். நம் கேபிளின் விட்டம் 16 சென்டிமீட்டர் என்றால், டேம்பர் இல்லாமல் வருவது இரண்டரை. 0.4 சதவீதத் தணிப்பு இருந்தால் 10 வந்துவிடும். இந்த எண்களைத் தாண்டிவிட்டோம் என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்து அறிக்கையை மூடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஸ்குரூட்டன் எண் மழையைக் கேட்கிறது. தளத்தின் தாளம் அதில் எங்கும் இல்லை.

ஆடினால் என்ன, அறுந்தா போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. உடனே அறுவதில்லை. நடுவில் அரை மீட்டர் ஆட்டம் என்றால், நங்கூரத்தில் கேபிள் அரைப் பாகை அளவுக்கு மடங்கி நிமிர்கிறது. நாள் முழுக்க ஆடினால் 54,000 முறை. கேபிள் மாதிரிகளைச் சோர்வுச் சோதனையில் வழக்கமாக 20 லட்சம் முறை இழுத்துப் பார்ப்பார்கள். அந்த எண்ணிக்கை 37 நாள் ஆட்டத்தில் தீர்ந்துவிடும். மடங்கும் இடம்தான் உறை முடியும் இடம், நீர் தேங்கும் இடம், உப்பு ஏறும் இடம். உள்ளே ஒவ்வொரு இழையாக விடுபட்டால் வெளியே தெரியாது. 2022 அக்டோபர் 30 அன்று 135 பேர் இறந்த மோர்பி தொங்குபாலத்தில், ஒரு முதன்மைக் கேபிளின் 49 கம்பிகளில் 22 துருப்பிடித்து, விபத்துக்கு முன்பே அறுந்திருக்கக்கூடும் என்று சிறப்புப் புலனாய்வுக் குழு சொன்னது. அந்தப் பாலத்தின் கதை வேறு, அதன் குற்றங்கள் வேறு. கேபிளின் உள்ளே நடப்பது வெளியே தெரியாது என்ற ஒன்றுக்காக அதை இங்கே நினைக்கிறேன்.

அதனால்தான் அதிர்வெண்ணை அளந்து இழுவிசையைக் கண்டுபிடிக்கும் வழக்கத்தின் மேல் எனக்கு மதிப்பு. போக்குவரத்தை நிறுத்த வேண்டாம், ஜாக்கி வைத்து இழுக்க வேண்டாம். உறையின் மேல் ஒரு முடுக்கமானியைக் கட்டிவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். தொய்வைக் கணக்கில் எடுக்காவிட்டாலும் நம் 200 மீட்டர் கேபிளில் வரும் பிழை சுமார் 3 சதவீதம்தான். ஆனால் 82 மீட்டரிலிருந்து 295 மீட்டர் வரை 96 கேபிள்கள் உள்ள அஞ்சி போன்ற பாலத்தில் எல்லாக் கேபிளுக்கும் அதே சூத்திரத்தைப் போட முடியாது. நீளக் கேபிளில் தொய்வு பிழையைக் கூட்டும். குட்டைக் கேபிளில் அதன் வளைவு விறைப்பு கூட்டும். டேம்பர் மாட்டிய பின் நீளம் எது என்பதே கேள்வியாகும். கேபிள் பெரிதாக ஆடிக்கொண்டிருக்கும்போது அளந்தால் அதிர்வெண்ணே சற்று ஏறியிருக்கும்.

பல துண்டுகளாக்கி, முழு நேரியல் அல்லாத கணக்கை ஒவ்வொரு பாலத்துக்கும் போடச் சொல்கிறேனா என்றால், இல்லை. அதன் விடையை நம்பிக்கையோடு படிக்கத் தேவையான தணிப்பின் அளவே கட்டுவதற்கு முன் நமக்குத் தெரியாது. சிறு மாற்றத்துக்கு விடை தலைகீழாகும். நான் கேட்பது ஒரு பக்கம். இடது பத்தியில் தளத்தின் அதிர்வெண்கள். வலது பத்தியில் ஒவ்வொரு கேபிளின் அதிர்வெண்ணும் அதன் இரு மடங்கும். இரண்டும் நெருங்கும் இடங்களில் ஒரு வட்டம். வட்டம் விழுந்த கேபிள்களை மட்டும் பல துண்டுகளாக்கிப் பாருங்கள், அவற்றுக்கு முதலில் டேம்பர் வையுங்கள், திறப்பு விழாவுக்கு முன்பே அவற்றின் தணிப்பை அளந்து எழுதி வையுங்கள். முட்டுக்காட்டிலிருந்து ஈசிஆரில் வடக்கே போனால் தரமணியில் சி.எஸ்.ஐ.ஆரின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் காற்றுச் சுரங்கம் இருக்கிறது. பாலத் தளத்தின் வடிவத்தைக் காற்றில் நிறுத்திப் பார்ப்பதுபோல், நனைந்த கேபிள் துண்டு ஒன்றையும் சாய்த்து நிறுத்திப் பார்க்கும் சோதனையை ஒவ்வொரு கடலோரப் பாலத்தின் ஒப்பந்தத்திலும் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

நான் புரட்டிய வடிவமைப்பு அறிக்கைகளில் கேபிளின் இழுவிசை அட்டவணை எப்போதும் இருந்தது. சிலவற்றில் நாற்பது பக்கம் வரை. அதிர்வெண்களை எதிரெதிரே வைத்த அந்த ஒரு பக்கத்தை நானே பென்சிலால் போட்டுச் செருக வேண்டியிருந்தது. ஒரு முறை வட்டம் நான்கு கேபிளில் விழுந்தது. நான்கும் பாலத்தின் மிக நீளமானவை, கடல் பக்கத்தில் இருப்பவை.